மாண்டரின் மீனுக்கு எமன் பட்டினிதான்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் வந்த வண்ணமீன் கட்டுரையில், மாண்டரின் மீன் நோய் அண்டாதது, புதிதாக வளர்ப்பவர்களுக்கும் ஏற்றது என்று எழுதியிருந்தீர்கள். முதல் பாதி ஓரளவு சரி. செதில் இல்லாத அதன் உடம்பில் கெட்டியான வழவழப்பு படர்ந்திருப்பதால் வெள்ளைப்புள்ளி நோய் எளிதில் பிடிக்காது. இரண்டாம் பாதியை நம்பி வாங்குபவர்களின் தொட்டியில்தான் அது சில வாரங்களில் எலும்பும் தோலுமாகிச் சாகிறது.

ஜப்பானின் ரியூக்யூ தீவுகள் முதல் ஆஸ்திரேலியா வரை பவளத்திட்டுகளில் வாழும் ஆறேழு சென்டிமீட்டர் மீன் இது. மற்ற மீன்களின் நீலம் பெரும்பாலும் ஒளி செய்யும் வித்தை. இதன் தோலில் இருப்பதோ உண்மையான நீல நிறமி. பகல் முழுக்கப் பாறைமேல் ஊர்ந்தபடி, கோபிபாட் எனும் கடுகிலும் சிறிய உயிர்களை ஓயாமல் கொத்தித் தின்னும். இரண்டு வேளை போடும் உருண்டைத் தீவனத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காது. புதுத் தொட்டியில் கோபிபாட் சொற்பம்; அது தீர்ந்ததும் பட்டினி தொடங்கிவிடும்.

குறைந்தது 300 லிட்டர் தொட்டி, அதில் ஏறக்குறைய 30 கிலோ உயிர்ப்பாறை (சிற்றுயிர்கள் குடியிருக்கும் கடற்பாறை) வேண்டும்; தொட்டியும் ஆறேழு மாதம் ஓடிப் பழுத்ததாக இருக்க வேண்டும். உப்புநீரின் ஒப்படர்த்தி 1.025, வெப்பம் 25 முதல் 27 டிகிரி. பக்கத்தில் கீட்டோ பாசி வளரும் சிறு தொட்டி ஒன்றை இணைத்தால் கோபிபாட் அங்கே தொந்தரவின்றிப் பெருகும். அதே இரைக்குப் போட்டியிடும் சிக்ஸ்லைன் ராஸ் மீன் கூடவே கூடாது. இரண்டு ஆண்களைச் சேர்த்துவிட்டால் ஒன்று மிஞ்சுவதே அரிது. முதுகுத் துடுப்பின் முன்முள் நீண்டிருப்பது ஆண்.

கடையில் நிறத்தைப் பார்க்காதீர்கள், வயிற்றைப் பாருங்கள். மேலிருந்து நோக்கும்போது வயிறு ஒட்டி முதுகெலும்பு தெரிந்தால் அந்த மீன் தேறுவது கடினம். கண்முன்னே இரை போடச் சொல்லி, அது கொத்துவதைப் பார்த்த பிறகே காசைக் கொடுங்கள்.

வந்த முதல் வாரங்களில் ஆர்ட்டீமியா எனும் உப்புநீர்ச் சிற்றிறாலின் உயிருள்ள குஞ்சு கைகொடுக்கும். ஒரு லிட்டர் நீரில் 25 கிராம் உப்பு, அரைத் தேக்கரண்டி ஆர்ட்டீமியா முட்டை, 28 டிகிரி, வேகமான காற்று. ஒரு நாளில் பொரியும். காற்றை நிறுத்திப் பத்து நிமிடம் விட்டால் ஓடு மேலே மிதக்கும், குஞ்சு அடியில் சேரும். அடியில் இருப்பதை மட்டும் குழாயால் உறிஞ்சி வடிகட்டுங்கள். நேரம் ஆக ஆகக் குஞ்சின் கருச்சத்து கரைந்துவிடும் என்பதால் உடனே போட வேண்டும். பம்பை நிறுத்திவிட்டு, வாய் குறுகிய புட்டியொன்றை மணலில் படுக்கவைத்து அதற்குள் விட்டால் பெரிய மீன்கள் தட்டிப் பறிக்க முடியாது. பிறகு சைக்ளாப்ஸ் எனும் கோபிபாட் வகையின் உறைதீவனத்தை நாளுக்கு நாள் கூட்டிக் கலந்து பழக்கலாம். சில மீன்கள் கடைசிவரை பழகுவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கட்டுரை சொல்லாமல் விட்ட ஒன்று: மற்ற மீனுக்கு வெள்ளைப்புள்ளி வந்ததென்று முதன்மைத் தொட்டியில் காப்பர் மருந்து ஊற்றினால் கோபிபாட் அத்தனையும் மடியும். பாறையும் மணலும் காப்பரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். நோயுற்ற மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றித்தான் மருத்துவம் பார்க்க வேண்டும்.

தொட்டியிலேயே பிறந்து உறைதீவனத்துக்குப் பழகிய குஞ்சு கிடைத்தால் விலை கூடுதலானாலும் அதையே வாங்கலாம். பிலிப்பைன்ஸில் கடல் மாண்டரினைச் சிறு ஊசி ஈட்டியால் குத்திப் பிடிப்பதும் உண்டு. அந்தக் காயத்தோடு வருவதைப் பட்டினியும் போட்டால் என்ன மிஞ்சும்?

கட்டுரையோடு அச்சான படம், நீங்கள் விவரித்த மாண்டரின் அல்ல, அதன் உறவான புள்ளி மாண்டரின். வளர்ப்பு முறை இரண்டுக்கும் ஒன்றே. ஆனால் அட்டவணையில் உள்ள '60 லிட்டர் தொட்டி போதும்' என்ற வரிக்குத் திருத்தம் வெளியிடுங்கள். கோடை விடுமுறையில் அதைப் பார்த்துத்தான் பலர் கடைக்குப் போவார்கள்.

இப்படிக்கு,
கடல்மீன் வளர்ப்போர் சிலர்,
சென்னை.