எண்ணெய் ஏற்றுமதி நாடுகளின் அமைச்சர்களுக்கு: உற்பத்தித் திறனின் கணக்கை வெளியிடுங்கள்

மாண்புமிகு அமைச்சர்களுக்கும், எண்ணெய் ஏற்றுமதி நாடுகளின் கூட்டமைப்பான ஒபெக்கின் வியன்னா செயலக அதிகாரிகளுக்கும் வணக்கம்.

2022 அக்டோபரில் ஒபெக் பிளஸ் நாடுகள் (ஒபெக் உறுப்பினர்களும் அவர்களோடு இணைந்து செயல்படும் ரஷ்யா போன்ற நாடுகளும்) நாளொன்றுக்கு 20 லட்சம் பீப்பாய் கச்சா எண்ணெய் உற்பத்தியைக் குறைப்பதாக அறிவித்தன. ஆனால் நைஜீரியா, அங்கோலா உள்ளிட்ட பல நாடுகள் அதற்கு முன்பே தமக்குரிய ஒதுக்கீட்டை, அதாவது எடுக்க அனுமதிக்கப்பட்ட அளவை, எட்ட முடியாமல் இருந்ததால், சந்தைக்கு உண்மையில் வராமல் போகும் எண்ணெய் ஏறக்குறைய அதில் பாதிதான் இருக்கும் என்று அப்போதே கணிக்கப்பட்டது. எடுக்கவே முடியாத எண்ணெயைக் குறைத்ததாகக் கணக்கு எழுதினால், அதை நம்பிக் கொள்முதலைத் திட்டமிடும் நாடுகள்தான் தவிக்கின்றன.

உங்கள் மாதாந்தர அறிக்கையிலேயே ஒரு நாட்டின் ஒரே மாத உற்பத்திக்கு இரண்டு எண்கள் இருக்கின்றன. ஒன்று அந்த நாடே தெரிவிப்பது. மற்றொன்று வெளி நிறுவனங்களின் மதிப்பீடு. ஒதுக்கீட்டைக் கண்காணிக்க நீங்கள் எடுத்துக்கொள்வது இரண்டாவதைத்தான். உறுப்பு நாடுகள் தரும் எண்ணை நீங்களே முழுமையாக நம்பவில்லை என்றுதான் இதற்குப் பொருள். அந்தத் தயக்கத்துக்குக் காரணமும் உண்டு. அதிக இருப்பைக் காட்டி அதிக ஒதுக்கீடு கேட்கும் பேரம் சூடுபிடித்திருந்த 1980களில் குவைத், ஈரான், ஈராக், ஐக்கிய அரபு அமீரகம், வெனிசுவேலா எனப் பல நாடுகளின் நிலத்தடி எண்ணெய் இருப்பு, அதற்கு ஈடான பெரிய கண்டுபிடிப்புகள் இல்லாமலேயே தாளில் பெருமளவு உயர்ந்தது.

இப்போது 2027ஆம் ஆண்டுக்கான ஒதுக்கீட்டு அடிப்படையை, ஒவ்வொரு நாடும் நிலையாகத் தரக்கூடிய உச்ச உற்பத்தித் திறனைக் கொண்டு நிர்ணயிக்க முடிவு செய்திருக்கிறீர்கள். இது சரியான திசை என்றே நினைக்கிறேன். ஆனால் திறனை எப்படி அளக்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 2020 ஏப்ரலில் ஒரே நாளில் 1.2 கோடி பீப்பாய்க்கு மேல் எடுத்ததாக சவுதி அரேபியாவின் அரசு எண்ணெய் நிறுவனமான அராம்கோ அறிவித்தது. ஒரு நாள் உச்சத்தைத் தொடுவது வேறு, மாதக்கணக்கில் அதைத் தக்கவைப்பது வேறு. பழைய வயல்களில் எண்ணெயோடு சேர்ந்து வரும் நீரின் பங்கு ஆண்டுக்கு ஆண்டு கூடுகிறது. அழுத்தம் குறையாமலிருக்க நீரைச் செலுத்திக்கொண்டே இருக்க வேண்டும். புதிய கிணறுகளைத் தோண்டாவிட்டால் உற்பத்தி தானாகவே சரியும். வால்வைத் திறந்ததும் வந்துவிடுகிற எண்ணெய் அல்ல அது.

2019 செப்டம்பரில் சவுதி அரேபியாவின் அப்கைக் எண்ணெய்ச் சுத்திகரிப்பு மையம் தாக்கப்பட்டபோது உலக எண்ணெய் வழங்கலில் ஏறத்தாழ 5 விழுக்காடு ஒரே நாளில் நின்றுபோனது. உலகின் உபரி உற்பத்தித் திறனில், அதாவது தேவைப்பட்டால் கூடுதலாக எடுக்கக்கூடிய அளவில், பெரும்பகுதியை வைத்திருந்த நாடே அன்று தாக்கப்பட்டது. அத்தகைய நேரத்தில் வேறு எங்கிருந்து, எத்தனை நாளில், எவ்வளவு எண்ணெய் வரும் என்பதை இறக்குமதி நாடுகள் ஊகித்துக்கொண்டிருக்கக் கூடாது.

ஆகவே உங்களிடம் வேண்டுவது இதுதான். 2027க்கான மதிப்பீட்டின் இறுதி எண்ணை மட்டும் அறிவித்து நிறுத்திவிடாதீர்கள். ஒவ்வொரு நாட்டின் திறனையும் யார் சோதித்தார்கள், உச்ச உற்பத்தி எத்தனை நாள் நீடித்தது, எந்தெந்த வயல்கள் கணக்கில் சேர்ந்தன, நாடு சொன்ன எண்ணுக்கும் சோதனையில் கிடைத்த எண்ணுக்கும் இடையிலான வேறுபாடு எவ்வளவு என்பதையும், ஒதுக்கீடு நடைமுறைக்கு வரும் முன்பே வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
உலக எண்ணெய்ச் சந்தையைத் தொடர்ந்து கவனித்துவரும் ஒருவர்