மலையக நூல்களின் மின்பிரதிகள் எல்லோரும் வாசிக்கத்தக்கவையாக வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

தங்கள் பத்திரிகையின் ஞாயிறு இதழில் வரும் நூல் அறிமுகங்களின் ஈற்றில், மின்பிரதியும் கிடைக்கும் என்றொரு வரியை அண்மைக்காலமாக அடிக்கடி காண்கிறேன். முந்நூறு பிரதிகளோ ஐந்நூறு பிரதிகளோ அச்சிடப்பட்டு, வெளியீட்டு விழாவோடு கண்ணுக்கு மறைந்துவிடும் மலையக நூல்களுக்கு இது நல்ல காலம்தான். ஆனால், அந்த மின்பிரதிகளிற் பலவற்றை விழிப்புலனற்றோரால் ஒரு வரிகூட வாசிக்க முடிவதில்லை என்பதை நம் எழுத்தாளர்களும் அச்சகத்தாரும் அறிந்திருப்பதாகத் தெரியவில்லை.

விழிப்புலனற்றவர்கள் இன்று நூல் வாசிப்பது பெரும்பாலும் கைத்தொலைபேசியின் குரல் வழியாகவே. அன்ட்ரொய்ட் தொலைபேசிகளில், திரையிலுள்ளதை வாசித்துச் சொல்லும் டோக்பேக் என்ற வசதி உள்ளது. கணினிக்கு, அவுஸ்திரேலியாவைச் சேர்ந்த விழிப்புலனற்ற இளைஞர் ஒருவர் 2006இல் தொடங்கிய என்விடிஏ என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. தமிழை வாசிக்கும் செயற்கைக் குரல்களும் இருக்கின்றன. கோப்புக்குள் எழுத்து எழுத்தாகவே இருந்தால் அவை வாசித்துவிடும். நாம் கொடுப்பதோ, அச்சிட்ட பக்கத்தை ஸ்கேன் செய்து ஒட்டிய படங்களை. படத்தின் முன்னே அந்தக் குரல் ஊமையாகிவிடுகிறது.

எழுத்தாக இருக்கும் கோப்புகளிலும் வேறொரு சிக்கல் உண்டு. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் கணினியில் தனித்தனிக் குறியெண் தரும் யுனிகோட்டில் தமிழ் எழுத்துகளுக்கு 1991ஆம் ஆண்டிலேயே இடம் கிடைத்துவிட்ட போதிலும், நமது அச்சகங்கள் பலவற்றில் பாமினி எழுத்துருவின் ஆட்சி இன்னும் முடியவில்லை. பாமினியில் தட்டச்சு செய்த 'அம்மா' திரையில் அம்மாவாகத் தெரிந்தாலும், கோப்புக்குள் இருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கிலக் குறிகளே. உயர்தரத்தில் தமிழ் கற்கும் விழிப்புலனற்ற மாணவி ஒருவர், ஒரு சிறுகதைத் தொகுப்பின் பிடிஎஃப் கோப்பைத் தம் தொலைபேசியில் திறந்து என்னிடம் கேட்கத் தந்தார். ஆங்கில எழுத்துகளும் நிறுத்தக்குறிகளுமாகக் குரல் உளறிக்கொண்டே போனது. "சேர், இதுல எந்த இடத்துல கதை தொடங்குதுன்னாவது சொல்லுங்க" என்று அவர் கேட்டார். அந்தக் கதைகளில் ஒன்று அவர் பிறந்த தோட்டத்தைப் பற்றியது.

எழுத்துரு சரியாக இருந்துவிட்டால் மட்டும் போதாது. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் நூலின் பெயரையும் அடியில் பக்க எண்ணையும் வெறும் எழுத்தாக இட்டிருந்தால், கதை உச்சத்தில் நிற்கும்போது குரல் திடீரென நூலின் பெயரைச் சொல்லி, எழுபத்து மூன்று என்று ஓர் எண்ணையும் சொல்லிவிட்டு, பாதியில் விட்ட வாக்கியத்துக்குத் திரும்பும். பயிற்சி நூல்களில் கீறிட்ட இடத்தை நிரப்பச் சொல்லி வரிசையாகப் புள்ளிகளை இட்டிருந்தால், புள்ளி, புள்ளி என்று எண்ணிக்கொண்டே போகும். 'கீழேயுள்ள படத்தை அவதானித்து விடை தருக' என்ற வினாவைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. படத்துக்குரிய விளக்கத்தைக் கோப்புக்குள்ளேயே எழுதிவைக்க இடமிருக்கிறது. அதில் 'படம் 4' என்று எழுதுவதால் யாருக்கும் பயனில்லை. கொழுந்துப் படத்தின் கீழ், நுனி மொட்டும் அதனை அடுத்த இரு இலைகளும் கிள்ளப்படும் இடம் எதுவென்று இரண்டு வரி எழுதினால், பாடம் பிள்ளைக்குப் போய்ச் சேரும்.

இது விழிப்புலனற்றோருக்கு மட்டும் உரிய விடயமன்று. கண்ணில் வெண்புரை படர்ந்த முதியவர் பிடிஎஃப் பக்கத்தைப் பெரிதாக்கினால், ஒவ்வொரு வரிக்கும் திரையை இடமும் வலமுமாக இழுக்க வேண்டியிருக்கிறது. ஈபப் என்ற மின்னூல் வடிவத்தில் எழுத்தைப் பெரிதாக்கினால் வரி தானாகவே திரைக்குள் அடங்கிக்கொள்ளும். பாரிசவாதத்தால் ஒரு கை விழுந்தவருக்கு நூலைத் தூக்கிப் பிடிப்பதே பாடு. வேறொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஸ்கேன் செய்த நூல் பல மெகாபைட் கனக்கும். அதே நூல் எழுத்தாக இருந்தால் பெரும்பாலும் ஒரு மெகாபைட்டைத் தாண்டாது. தோட்டக் குடியிருப்பான மேட்டு லயத்தில் சிக்னல் தேடி வாசலுக்கு வந்து நிற்கும் பிள்ளைக்கு, கண் நன்றாகத் தெரிந்தாலும்கூட, இந்த வித்தியாசம் பெரியது.

சட்டத்தைக் காட்டித் தப்பிக்கவும் இப்போது வழியில்லை. அச்சு நூலை வாசிக்க இயலாதோருக்கான மராகேஷ் உடன்படிக்கை 2013இல் நிறைவேறியது. இலங்கை 2016இல் அதில் இணைந்தது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் தொடர்பான ஐக்கிய நாடுகள் சமவாயத்தை நமது நாடு ஏற்று உறுதிசெய்ததும் அதே ஆண்டில்தான். மராகேஷ் உடன்படிக்கைக்கு இசைவாக 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் 2022இல் திருத்தப்பட்டது. இலாப நோக்கின்றி இப்பணியைச் செய்யும் அமைப்புகள், உரிமையாளரிடம் அனுமதி கேட்டுக் காத்திராமல், வெளிவந்த நூலொன்றை இத்தகைய வாசகருக்கு ஏற்ற வடிவில் ஆக்கிக் கொடுக்கலாம் என்பதே அந்த உடன்படிக்கையின் சாரம். நூலைக் கையிற் பிடிக்க இயலாதவர்களும் அதற்குள் அடங்குவர். அவ்வாறு ஆக்கிய பிரதிகளை நாடுகள் தமக்குள் பரிமாறிக்கொள்ளவும் அது இடமளிக்கிறது. இந்தியாவில் 2016இல் தொடங்கப்பட்ட சுகம்ய புஸ்தகாலயா என்ற இணைய நூலகத்தில் தமிழ் நூல்களும் உள்ளன. தமிழகத்து நூல்களை அப்படிப் பெற வழி பிறக்கலாம். கொட்டகலையிலும் பண்டாரவளையிலும் எழுதப்படும் நூல்களை நமக்காக வேறு யாரும் ஆக்கித் தரப்போவதில்லை.

அச்சான நூலைப் பிற்பாடு எழுத்தாக மாற்றுவது மிகவும் கடினமான வேலை. ஸ்கேன் படத்திலிருந்து தமிழ் எழுத்தைப் பிரித்தெடுக்கும் மென்பொருள்கள் முன்னேறியிருந்தாலும், மங்கிய அச்சில் அவை தடுமாறுகின்றன. ஒவ்வொரு பக்கத்தையும் ஒருவர் இருந்து திருத்த வேண்டும். பாமினியை யுனிகோட்டாக மாற்றும் கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன; ஆயினும் இடையில் வரும் ஆங்கிலச் சொற்களையும் அவை தமிழென்று எண்ணிப் பொருளற்ற எழுத்துக் கூட்டமாக்கிவிடும். நூல் உருவாகும் வேளையிலேயே செய்தால் இந்தப் பாடு எதுவும் இல்லை. எழுத்தாளர் யுனிகோட்டில் தட்டச்சு செய்யட்டும். தலைப்பை எழுத்தைப் பெரிதாக்கித் தடிப்பாக்குவதோடு விடாமல், மென்பொருளில் தலைப்புக்கென்றே உள்ள பாணியைத் தெரிவுசெய்யட்டும். அப்போதுதான் கேட்பவர் ஓர் அத்தியாயத்திலிருந்து அடுத்ததற்குத் தாவ முடியும். லிபரே ஆபிஸ் என்ற இலவச மென்பொருள் அதே கோப்பை ஈபப்பாகவே சேமித்துத் தரும். அச்சகத்தாரிடம் கடைசிப் பணத்தைக் கொடுக்கும் முன்பு, பிழைதிருத்தம் முடிந்த எழுத்துக் கோப்பையும் கேட்டு வாங்க வேண்டும். பொன்னாடைக்கும் அழைப்பிதழுக்கும் செலவிடுகிறோம். இதற்குச் செலவே இல்லை.

கோப்பைக் கொடுத்தால் திருடிவிடுவார்கள் என்று எழுத்தாள நண்பர்கள் சிலர் அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்தை நான் இளக்காரமாகப் பார்க்கவில்லை. கையிலிருந்த பணத்தைப் போட்டு நூல் வெளியிட்டவர்கள் அவர்கள். ஆயினும், திருட நினைப்பவருக்கு ஸ்கேன் பிரதியே போதும். அது வட்ஸ்அப்பில் ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருக்கிறது. எழுத்தை மறைத்துவைப்பதால் தடுக்கப்படுபவர் கேட்டு வாசிப்பவர் மட்டுமே. வெளியில் தரத் தயங்குவோர் எழுத்துக் கோப்பை ஒரு பொது நூலகத்திடம் ஒப்படைத்து, தேவையுடைய வாசகருக்கு மட்டும் வழங்குமாறு எழுதிக் கொடுக்கலாம்.

நூல்களுக்கு ஐஎஸ்பிஎன் எனப்படும் சர்வதேச நியம எண்ணை வழங்கும் தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபை, எண்ணுக்கு விண்ணப்பிக்கும்போதே யுனிகோட் எழுத்துக் கோப்பு உண்டா என்றொரு கேள்வியையும் படிவத்திற் சேர்க்க வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன். தங்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. பத்திரிகையின் மின்பதிப்பு பக்கப் படங்களாகவே வருவதால், இந்தக் கடிதத்தைத் தாங்கள் பிரசுரித்தாலும் அந்த மாணவியால் அதை அங்கே வாசிக்க முடியாது. வாசகர் கடிதங்களையும் ஞாயிறு இலக்கியப் பக்கத்தையுமாவது எழுத்து வடிவில் இணையத்தில் ஏற்ற ஆவன செய்ய வேண்டும். மலையகத் தமிழர் வருகையின் இருநூறாண்டு நிறைவையொட்டி 2023இல் வெளிவந்த மலர்களினதும் கட்டுரைத் தொகுப்புகளினதும் கோப்புகள் அச்சகக் கணினிகளில் இன்னும் அழியாமல் இருக்கக்கூடும். அவற்றின் பதிப்பாசிரியர்கள் இந்த மாதமே அச்சகங்களுக்கு ஒரு நடை போய்க் கேட்டுப் பார்ப்பார்களாக.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர்,
ஹட்டன்.