போட்டோக்கொப்பி கடை அண்ணாவுக்கு

அன்புள்ள அண்ணா,

போன கிழமை கடைக்கு வந்தபோது உங்களோடு கதைக்கத்தான் நினைத்தேன். எனக்கு முன்னால் இரண்டு கம்பஸ் பெடியன்கள் நோட்ஸ் அடிக்கக் கொடுத்துவிட்டு, ‘கேம் ஒஃப் த்ரோன்ஸ்’ தொடரின் முன்கதையான ‘ஹவுஸ் ஒஃப் த ட்ராகன்’ பற்றிச் சண்டை பிடித்துக்கொண்டு நின்றார்கள். ரெனீரா பக்கம் நியாயமா, அலிசென்ட் பக்கம் நியாயமா என்று. நீங்கள் தலை நிமிரவே இல்லை. தாள்களை அடுக்கினீர்கள், ஸ்டேப்ளர் அடித்தீர்கள், காசை வாங்கி லாச்சிக்குள் போட்டீர்கள். முந்தி என்றால் அந்தப் பெடியன்கள் ஒரு மணித்தியாலத்துக்கு அங்கிருந்து போயிருக்க முடியாது. நான் ஒன்றும் கேட்காமல் வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு மனது கேட்கவில்லை.

2016இல் நான் முதலாம் வருடம். ராமநாதன் வீதியில் எங்கள் பட்ச் முழுக்க உங்கள் கடைக்குத்தான் வரும். உங்கள் கொம்பியூட்டர் திரையில் ‘கேம் ஒஃப் த்ரோன்ஸ்’ நாயகன் ஜோன் ஸ்னோவின் படம் இருந்தது. ஐந்தாவது சீசன் முடிவில் அவனைக் குத்திப் போட்டிருந்த காலம். “இவன் உண்மையாகவே செத்துவிட்டானா அண்ணா?” என்று கேட்டேன். நீங்கள் மெஷினை நிற்பாட்டிவிட்டு, “இவன் ஆர் எண்டு உமக்குத் தெரியுமோ?” என்று திருப்பிக் கேட்டீர்கள்.

அன்று நீங்கள் சொன்ன ஒவ்வொன்றும் ஞாபகம் இருக்கிறது. முதல் சீசனில், ஜோனின் தகப்பன் என்று எல்லாரும் நினைத்திருந்த நெட் ஸ்டார்க் ஜோனிடம் விடைபெறும் இடம். உனக்கு என் பெயர் இல்லாமல் இருக்கலாம், என் இரத்தம் இருக்கிறது என்கிறார். அடுத்த முறை காணும்போது உன் தாயைப் பற்றிக் கதைப்போம் என்கிறார். “மகன் எண்டு ஒரு சொல் அந்த இடத்தில வருதோ, பாரும்” என்றீர்கள். பொய் பேசத் தெரியாத மனுசன் அளந்து பேசுகிறார். பிறகு ஐந்தாவது சீசனில் லிட்டில்ஃபிங்கர் நெட்டின் மகள் சான்சாவுக்குச் சொல்லும் பழைய கதை: போட்டியில் வென்ற இளவரசன் ரேகார், மனைவி பார்த்துக்கொண்டிருக்க அவளைத் தாண்டிப் போய், நெட்டின் தங்கச்சி லியானாவின் மடியில் நீல ரோசா முடியை வைத்தது. பழுதாய்ப் போன ஒரு கொப்பித் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் மரம் கீறி, லியானாவுக்கும் ரேகாருக்கும் கீழே ஜோனின் பெயரை எழுதினீர்கள். அப்புறம் நெட்டிலிருந்து ஜோனுக்கு ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் ‘தாய்மாமன்’ என்று எழுதினீர்கள்.

அந்தச் சொல்லில்தான் எனக்கு எல்லாம் விளங்கியது. இங்கிலீஷில் வெறும் ‘அங்கிள்’. எங்களுக்குத் தாய்மாமன். தொட்டிலில் இருந்து கலியாணம் வரை முன்னுக்கு நிற்க வேண்டியவர். செத்துக்கொண்டிருந்த தங்கச்சிக்குக் கொடுத்த வாக்குக்காக, அவளின் பிள்ளையைத் தன் கள்ளப் பிள்ளை என்று ஊருக்குச் சொல்லி, கட்டிய மனைவியின் கோபத்தையும் வாழ்நாள் முழுக்கச் சுமந்த மனுசன். நான் அதுவரை நெட்டைத் தலை வெட்டுப்பட்ட ஒரு ஏமாளி என்றுதான் நினைத்திருந்தேன். அந்தத் தாள் இன்றும் என்னிடம் இருக்கிறது.

இதை முதலில் கண்டுபிடித்தது நீங்கள் அல்ல என்று நீங்களே சொன்னீர்கள். 1996இல் முதல் புத்தகம் வந்த கொஞ்சக் காலத்திலேயே வாசகர்கள் இதைப் பேசத் தொடங்கிவிட்டார்கள். தொடர் எடுக்க அனுமதி கேட்டு வந்த பெனியோஃபிடமும் வைஸிடமும் புத்தகத்தை எழுதிய ஜோர்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் கேட்ட கேள்வியும் இதுதான்: ஜோனின் தாய் யார்? அவர்கள் சரியாகச் சொன்னார்கள். அமெரிக்காவில் ஞாயிறு இரவு ஒன்பது மணி, எங்களுக்குத் திங்கள் காலை ஆறரை. 2016 யூன் 27, அந்தத் திங்கள், கோபுரத்தில் லியானாவின் கையில் இருந்த குழந்தையின் முகம் ஜோனின் முகமாக மாறியபோது நான் அழுதேன். பின்னேரம் கடைக்கு ஓடி வந்தேன். நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை, தேத்தண்ணி வாங்கித் தந்தீர்கள்.

அதற்கு ஒரு மாதம் முந்தித்தான் ஹோடர். ‘ஹோல்ட் த டோர்’ தேய்ந்து தேய்ந்து ஒருவனின் பெயராகி, அவனுடைய வாழ்க்கை முழுவதற்குமான ஒரே சொல்லாகவும் ஆன காட்சி. தமிழில் இதை எப்படிச் செய்யலாம் என்று அன்று முழுக்க முயன்றோம். கதவைப் பிடி, கதவபிடி, கதபிடி, கபிடி. நீங்கள் மெதுவாகத் திரும்பத் திரும்பச் சொல்ல, கடைசியில் அது சொல்லாகவே இல்லாமல் போய்விட்டது. கடையில் நின்ற எல்லாரும் பேசாமல் நின்றோம். தமிழில் அந்தக் காட்சி வந்தால் ‘கபிடி’தான் என்று நான் இன்றைக்கும் சொல்வேன்.

சரி, 2019க்கு வருகிறேன். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

கடைசிச் சீசன் புத்தாண்டுக்கு அடுத்த நாள் தொடங்கியது. ஒரு கிழமைக்குள் உயிர்த்த ஞாயிறு குண்டுகள். பேஸ்புக், வட்ஸ்அப் எல்லாம் மாத முடிவு வரை தடை. கம்பஸ் பூட்டு. இரவில் ஊரடங்கு. இரவு அரசனை ஆர்யா கொன்ற அந்த இருட்டு எபிசோடை நான் அளவெட்டியில், சன்னல்களுக்குத் துணி கட்டிப் பார்த்துவிட்டு உங்களுக்குப் போன் எடுத்தேன். பயந்து கிடந்த அந்த நாட்களில் ஒரு மணித்தியாலம் வேறு ஒரு உலகத்தைப் பற்றிக் கதைத்தோம். அதற்கு நான் உங்களுக்கு நன்றி சொல்லவே இல்லை.

அப்போது உங்கள் தியரி ஒன்றே ஒன்றுதான். டிராகன்களின் தாய் டெனேரிஸ் தலைநகரான கிங்ஸ் லாண்டிங்கை எரிக்க மாட்டாள். இரண்டாவது சீசனில், கூரை இல்லாத அரச மண்டபத்தில் அவள் கனவு போல நடப்பாளே, அங்கே மேலிருந்து விழுவது சாம்பல் என்றேன் நான். பனி என்றீர்கள் நீங்கள். “சரணடைஞ்சு மணி அடிச்சா நிப்பாட்டுவாள், தங்கச்சி. அடிமையளின்ர சங்கிலி அறுத்தவள்.”

மே 13 திங்கள். மணி அடித்தது. அவள் நிற்பாட்டவில்லை.

அடுத்த நாள் வந்தேன். நீங்கள் என்னைப் பார்க்காமல், “மணி அடிச்சதுதானே? மணி அடிச்ச பிறகு ஏன்?” என்று மட்டும் கேட்டீர்கள். வெள்ளைக்கொடி, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடும் தாய், சாம்பல். நாலு நாளில் மே 18. முள்ளிவாய்க்காலுக்கு அந்த வருடம் பத்தாவது ஆண்டு. அதை நானும் சொல்லவில்லை, நீங்களும் சொல்லவில்லை. திரையில் இருந்த ஜோன் ஸ்னோ படத்தை அந்தக் கிழமையே எடுத்துவிட்டீர்கள். அதன் பிறகு இந்தக் கதையைப் பற்றி உங்கள் வாயில் இருந்து ஒரு சொல் நான் கேட்டதில்லை.

அண்ணா, தடயம் இருந்தது. மீரீன் நகரத்தில் 163 அடிமை எசமான்களைக் கம்பத்தில் அறைந்தாள். மண்டியிட மறுத்த டார்லி தகப்பனையும் மகனையும் எரித்தாள். அதெல்லாம் எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். ஆனாலும் நீங்கள் பிழையாக வாசித்தீர்கள் என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

எங்கள் ஊர் அம்மன் கோயிலில் காத்தவராயன் கூத்து ஆடுவார்கள். காத்தான் கழுவில் ஏறுவான் என்பது முன்னுக்குப் பாயில் படுத்திருக்கும் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தெரிந்துகொண்டே சனம் விடிய விடிய இருக்கும். காத்தானுக்கு ஆள் மாறி ஆள் வந்து ஆடி, ஆரியமாலையைக் கண்டு, அலைந்து, தாயோடு வாதாடி, பாடிப் பாடித்தான் கழுமரத்துக்கு வருவான். அவன் ஏறும்போது என் அம்மம்மா ஒவ்வொரு வருடமும் அழுவா. எட்டு மணிக்குத் தொடங்கி ஒன்பது மணிக்கே அவனை ஏற்றியிருந்தால் அம்மம்மா அழுதிருப்பாவா? எழும்பி வீட்டுக்குப் போயிருப்பா.

டெனேரிசுக்கு அதைத்தான் செய்தார்கள். முதல் ஆறு சீசனும் பத்துப் பத்து எபிசோட். ஏழாவதற்கு ஏழு, எட்டாவதற்கு ஆறு. அவள் உடைந்துபோக வேண்டிய தூரத்தை இரண்டு எபிசோட்டுக்குள் ஓட்டினார்கள். அவள் எரித்ததில் எனக்குக் கோபமில்லை. எரிக்கும் ஒருத்தியாக அவள் மாறும் அந்த நீண்ட இரவில் எங்களை இருக்கவிடவில்லை, அதுதான் கோபம். சீசனைத் திரும்ப எடுக்கச் சொல்லிப் பத்து இலட்சம் பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டார்கள். நான் போடவில்லை. திரும்ப எடுத்தால் மட்டும் நீங்கள் மணி அடித்த அந்த நிமிடத்தை மறந்துவிடுவீர்களா?

புத்தகத்தில் அவள் இன்னும் புல்வெளியில்தான் நிற்கிறாள். 2011இல் வந்த ஐந்தாவது புத்தகத்தோடு கதை நிற்கிறது. அங்கே இன்னும் மணி அடிக்கவில்லை, அண்ணா. உங்கள் பனிக்கும் என் சாம்பலுக்கும் அங்கே இன்னும் தீர்ப்பில்லை.

அதோடு எனக்கு ஒரு தியரி இருக்கிறது, உங்களுக்கு மட்டும் சொல்ல வைத்திருந்தது. கடைசி எபிசோடில் ஜோன் அவளைக் கொன்ற பிறகு, அவளின் டிராகன் ட்ரோகன் உடலைத் தூக்கிக்கொண்டு கிழக்கே போனது. கிழக்கே வொலான்டிஸ் இருக்கிறது. ஐந்தாவது சீசனில், அந்த ஊர்ப் பாலத்தில் நின்று டிராகன்களின் தாய்தான் மீட்க வந்தவள் என்று ஒரு சிவப்புப் பூசாரிப் பெண் பிரசங்கம் செய்தாள், ஞாபகமா? செத்த ஜோனை எழுப்பியதும் ஒரு சிவப்புப் பூசாரிப் பெண்தான். டிராகன் போகுமிடம் தெரியாமல் போயிருக்காது.

இதில் ஓட்டை இருக்கும். எங்கே என்று நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். வெள்ளி பின்னேரம், கடை பூட்ட முதல் வருகிறேன். அந்தப் பென்சில் தாளையும் கொண்டு வருகிறேன், கீழே இன்னும் இடம் இருக்கிறது.

அன்புடன்,
தங்கச்சி