ஆய்வேடுகளில் மங்கிப்போகும் வரைபடங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முனைவர் பட்ட ஆய்வேடுகளை மின்வடிவிலும் அளிக்க வேண்டும் எனப் பல்கலைக்கழக மானியக் குழு 2009-இல் விதி வகுத்ததன் பயனாக, நம் மாணவர்களின் ஆய்வேடுகளை சோத்கங்கா என்னும் இணையக் களஞ்சியத்தில் இன்று எவரும் படிக்கலாம். படிக்கும்போது வருத்தம் தருவது அவற்றிலுள்ள வரைபடங்களின் நிலை. உரையும் சமன்பாடுகளும் லாடெக் என்னும் பக்க அமைப்பு மென்பொருளில் குறையின்றி அமைந்திருக்க, ஆய்வின் முடிவையே தாங்கி நிற்கும் வரைபடம் மட்டும் கணினித் திரையிலிருந்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஒட்டப்பட்டிருக்கிறது.

800 பிக்சல் அகலமுள்ள அத்தகைய படத்தை 16 செ.மீ. அகலத்தில் அச்சிட்டால், அங்குலத்துக்கு ஏறத்தாழ 127 பிக்சல்தான் கிடைக்கும். நல்ல அச்சுக்குக் குறைந்தது 300 வேண்டும். ஜேபெக் கோப்பாகச் சேமித்திருந்தாலோ எண்களைச் சுற்றிச் சாம்பல் நிறக் கறை படிந்து, அளவுகோலில் இருப்பது 0.3-ஆ 0.8-ஆ என்பதே விளங்காமல் போகிறது.

இதைத் தவிர்க்கப் பணம் எதுவும் செலவிட வேண்டியதில்லை. கணினி அறிஞர் டொனால்ட் குனூத் 1978-இல் வெளியிட்டதும் லாடெக்குக்கு அடிப்படையானதுமான டெக் மென்பொருள், பக்கத்தில் படத்துக்குரிய இடத்தை ஒதுக்கிவிட்டு, வரையும் வேலையைப் பிற நிரல்களுக்கு விட்டுவிடும் முறையில் அமைந்தது. 1986 முதல் புழக்கத்தில் உள்ள, இலவசமாகக் கிடைக்கும் க்னூப்ளாட் என்னும் வரைபட மென்பொருள் அந்த வேலையைச் செவ்வனே செய்கிறது. அதில் கெய்ரோலாடெக் என்னும் வெளியீட்டு வகையைத் தேர்ந்தெடுத்தால், கோடுகள் எவ்வளவு பெரிதாக்கினாலும் சிதையாத பிடிஎஃப் கோப்பாகவும், எழுத்துகள் தனியே ஒரு டெக் கோப்பாகவும் பிரிந்து வரும். அந்த எழுத்துகளை லாடெக்கே கோத்துத் தருவதால், உரையில் உள்ள அதே எழுத்துரு வரைபடத்திலும் அமையும். தரவுக் கோப்பை ஆவணத்துக்குள்ளேயே படித்து வரைய விரும்புவோருக்கு பிஜிஎஃப்பிளாட்ஸ் என்னும் லாடெக் துணைத்தொகுப்பு இருக்கிறது.

தமிழில் எழுதுவோருக்கு இம்முறையால் கிடைக்கும் நன்மை பெரிது. வரைபட மென்பொருள்கள் சிலவற்றில் 'வெப்பநிலை' என்று வரைபடத்தின் அச்சுக்கோட்டுக்குப் பெயரிட்டால், கொம்பு வகரத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது. இதற்கு அஞ்சியே தமிழ் ஆய்வேட்டிலும் பலர் ஆங்கிலப் பெயர்களை இட்டுவிடுகிறார்கள். எழுத்துகளை, தமிழ் எழுத்துருக்களைக் கையாளும் லாடெக் வடிவமான ஸீலாடெக்கிடம் ஒப்படைத்துவிட்டால், உரையில் கொம்பு எப்படிச் சரியாக அமைகிறதோ அப்படியே வரைபடத்திலும் அமையும்.

மாணவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று அளவு. 16 செ.மீ. அகலத்தில் வரைந்த படத்தை 8 செ.மீ. பத்திக்குள் சுருக்கினால், 10 புள்ளி எழுத்து 5 புள்ளியாகிவிடும். பக்கத்தில் எந்த அகலத்தில் நிற்கப் போகிறதோ அந்த அகலத்திலேயே தொடக்கத்தில் வரைந்துவிட வேண்டும். சிவப்பு, நீலக் கோடுகளைக் கறுப்பு வெள்ளை நகலில் பிரித்தறிய முடியாது என்பதால், ஒன்றைப் புள்ளிக்கோடாக இடுவதும் நலம்.

நான் பார்த்த ஆய்வேட்டு வழிகாட்டிகள் ஓரம், வரி இடைவெளி, எழுத்தளவு ஆகியவற்றை நுணுக்கமாக வரையறுக்கின்றனவே தவிர, வரைபடத்தைப் பற்றிப் பேசுவதில்லை. திரைப்பதிவுகளை ஏற்பதில்லை என்ற ஒரு வரியைப் பல்கலைக்கழகங்கள் அவற்றில் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு வரைபடத்தின் தரவையும் அதை வரைந்த கட்டளைக் கோப்பையும் ஆய்வேட்டுடன் இணைத்துப் பெற வேண்டும். அடுத்து வரும் மாணவர் அதே வரைபடத்தில் தம் அளவீடுகளையும் சேர்த்து வரைந்து ஒப்பிட அது உதவும்.

இப்படிக்கு,
கல்லூரி இயற்பியல் ஆசிரியர்,
திருச்சிராப்பள்ளி.