பர்கரை வீட்டுக்குக் கொண்டு வா, பிரைஸைக் கடையிலேயே விடு

அன்புள்ள தம்பிக்கு,

உன் மடலில் இரண்டு சேதி. ஒன்றாம் தேதியிலிருந்து ஃபாஸ்ட் ஃபுட்டை அடியோடு நிறுத்தப் போகிறாய் என்பது ஒன்று. பர்கர் என்றால் இன்-அண்ட்-அவுட் கடை, பிரைஸ் என்கிற உருளைக்கிழங்கு வறுவல் என்றால் மெக்டொனால்ட்ஸ், இதை ஒப்புக்கொள்ளாத அறைத் தோழர்களோடு ராத்திரி ஒரு மணி வரை வாக்குவாதம் என்பது இன்னொன்று. நிறுத்துவதைப் பற்றி நாலு வரி எழுதியிருக்கிறாய், வாக்குவாதத்தைப் பற்றி இரண்டு பக்கம். எனக்கு அந்த இரண்டு பக்கம்தான் நம்பிக்கை தருகிறது. எல்லாமே விஷம் என்று ஒரே போடாகப் போட்டு நிறுத்துகிறவர்கள் மூன்றாவது வாரம் பசியோடு வண்டியில் வரும்போது அதே வரிசையில் போய் நிற்பார்கள். எது ருசி, அது எங்கிருந்து வருகிறது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தவனுக்கு எதை விட வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

நான் சொல்ல வருவது இதுதான். பர்கரை உன் அடுப்பிலேயே அந்தக் கடைகளைவிட நன்றாகச் செய்யலாம். பிரைஸை வீட்டில் செய்வது பெரும்பாடு, அதில் கடைக்காரர்கள் கைதான் ஓங்கியிருக்கிறது. அதனால் பர்கருக்காகக் கடைக்குப் போவதை நிறுத்து. பிரைஸுக்காக எப்போதாவது போ. போனால் அங்கேயே உட்கார்ந்து சாப்பிடு.

உன் கலிஃபோர்னியாவில்தான் இதெல்லாம் ஆரம்பித்தது. 1948-ல் பால்ட்வின் பார்க்கில் இன்-அண்ட்-அவுட் திறந்தார்கள். அதே வருடம் சான் பெர்னார்டினோவில் மெக்டொனால்ட் சகோதரர்கள் தங்கள் கடையை மூடி, சமையலறையைத் தொழிற்சாலை வரிசை மாதிரி மாற்றி அமைத்து, 15 சென்ட்டுக்கு பர்கர் விற்கத் தொடங்கினார்கள். அன்றைக்கும் இன்றைக்கும் நல்ல பர்கருக்கு வேண்டியது மூன்றே பொருள்: நன்றாகக் காய்ந்த இரும்புக் கல், கொழுப்புள்ள கொத்துக்கறி, மெத்தென்ற பன். மூன்றும் உனக்கும் கிடைக்கும்.

கறி வாங்கும்போது உறையில் 80/20 என்று போட்டிருப்பதைப் பார்த்து வாங்கு. 80 பங்கு கறி, 20 பங்கு கொழுப்பு. மாட்டின் தோள் பகுதி, அதாவது சக், இதற்குத் தோதானது. உடம்புக்கு நல்லதென்று 93/7 வாங்கினால் உலர்ந்த கட்டைதான் மிஞ்சும். ஒரு பவுண்டு, அதாவது 454 கிராமை, எட்டு உருண்டையாக்கு. ஒரு பர்கருக்கு இரண்டு உருண்டை. லேசாகச் சேர்த்துப் பிடித்தால் போதும், சப்பாத்தி மாவு மாதிரிப் பிசையாதே. உப்பை உள்ளே கலக்கவே கலக்காதே. உப்பு கறியின் புரதத்தைக் கரைத்து ஒன்றோடொன்று ஒட்டவைக்கும். கடித்தால் சாசேஜ் மாதிரி ரப்பராக இழுக்கும். இஞ்சி பூண்டு விழுது, கரம் மசாலா, முட்டை, ரொட்டித் தூள் எல்லாம் சேர்க்கக் கை பரபரக்கும். சேர்த்தால் அது நல்ல கபாப், பர்கர் இல்லை. உருட்டியதும் ஃபிரிட்ஜில் வை, கல் காய்ந்த பிறகுதான் வெளியே எடு.

கல் இரும்பாக இருக்கட்டும். நான்ஸ்டிக் வேண்டாம், இந்தச் சூட்டை அந்தப் பூச்சு தாங்காது. அடுப்பை முழுத் தீயில் வைத்து நாலைந்து நிமிடம், மெல்லப் புகை கிளம்பும் வரை காயவிடு. அதற்கு முன்னாலேயே ஜன்னலைத் திற, அடுப்புக்கு மேல் இருக்கும் விசிறியைப் போடு. உங்கள் அபார்ட்மெண்ட் புகை அலாரம் இதற்குக் கட்டாயம் கத்தும். பன்னை நடுவில் அறுத்து, உள்பக்கம் வெண்ணெய் தடவி, கல் சூடேறும்போதே பொன்னிறமாக வாட்டி எடுத்துவிடு. வாட்டிய முகம் சாற்றைச் சட்டென்று உறிஞ்சாது, கையில் நொறுங்கிப் போகாது.

இப்போது உருண்டையைக் கல்லில் வை. மேலே ஒரு துண்டு பார்ச்மென்ட் தாள், அதாவது ஒட்டாத சமையல் தாள், அதன் மேல் அகலமான தோசைத் திருப்பி. முழு பலத்தையும் போட்டு அழுத்து. முதல் அரை நிமிடத்துக்குள் அழுத்தி முடித்துவிட வேண்டும், பன்னைவிட ஒரு விரல் அகலமாக. வேகும்போது சுருங்கி அளவுக்கு வந்துவிடும். அரை நிமிடம் தாண்டினால் கொழுப்பு உருகியிருக்கும், அப்புறம் அழுத்துகிற ஒவ்வொரு அழுத்தும் சாற்றைக் கல்லில் பிழிந்துவிடும். தாளை எடுத்துவிட்டு அப்போதுதான் உப்பும் மிளகும் தூவு. ஒன்றரை முதல் இரண்டு நிமிடம் தொடாதே. ஓரத்தைக் குனிந்து பார்: கொழுப்பு குமிழியிட்டு, விளிம்பு ஜாலர் மாதிரிக் கிழிந்து, ரவா தோசையின் ஓரம்போல் பழுப்பேறியிருக்கும். நடுவில் சின்னச் சின்ன ஓட்டைகள் வழியே சாறு எட்டிப் பார்க்கும். அதுதான் நேரம்.

திருப்புகிற இடத்தில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். மழுங்கிய கரண்டியை விட்டு எடுத்தால் முறுகல் முழுக்கக் கல்லோடு ஒட்டிக்கொண்டு வெறும் கறி மட்டும் வரும். நீ காசு கொடுத்து வாங்கிய ருசியே அந்தப் பழுப்பில்தான் இருக்கிறது. விளிம்பு கூரான இரும்புத் திருப்பியோ, சுவருக்குப் பட்டி பார்க்கும் தகடு புதிதாக ஒன்றோ வைத்துக்கொள். கல்லைச் சுரண்டுகிற மாதிரிச் சாய்த்து உள்ளே விடு. திருப்பியதும் ஒரு சீஸ் துண்டு. இதற்கு மட்டும் அந்தப் பிளாஸ்டிக் உறையில் வரும் அமெரிக்கன் சீஸே சரி. அதில் சேர்க்கும் உப்புகள் கொழுப்பையும் நீரையும் பிரியாமல் பிடித்துவைப்பதால் வழவழவென்று உருகும். முதிர்ந்த செடார் போட்டால் எண்ணெய் தனியாக வழியும். முப்பது நாற்பது விநாடியில் இறக்கி, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கு.

கொத்துக்கறியை அரைவேக்காட்டில் சாப்பிடாதே. முழுத் துண்டில் கிருமி மேல்பரப்பில்தான் இருக்கும், அரைக்கும்போது அது உள்ளே கலந்துவிடுகிறது. 1993-ல் ஜாக் இன் த பாக்ஸ் என்ற கடையின் பர்கரால் பரவிய ஈ. கோலை கிருமித் தொற்றில் நாலு குழந்தைகள் இறந்தார்கள். கறியின் நடுப்பகுதி 71 டிகிரி செல்சியஸைத் தொட வேண்டும். இவ்வளவு மெல்லியதாகத் தட்டினால் அது தானாகவே தொட்டுவிடும்.

வெங்காயம் பிடிக்கும் உனக்கு. பெரிய வெங்காயம் பாதியைத் தாள் மாதிரிச் சீவி, உருண்டையின் தலையில் ஒரு கைப்பிடி குவித்து, வெங்காயத்தோடு சேர்த்து அழுத்து. திருப்பிப் போட்டதும் வெங்காயம் அடியில் கொழுப்பில் வதங்கும், அதன் ஆவியில் மேலே கறி வேகும். ஓக்லஹோமாவின் எல் ரீனோ ஊரில் 1920களில் விலை உயர்ந்த கறியை வெங்காயம் போட்டுப் பெருக்குவதற்காக வந்த வழி இது. என்னைக் கேட்டால், இரண்டு கறியும் இரண்டு சீஸும் வைத்த உன் இன்-அண்ட்-அவுட் டபுள்-டபுளை இது முந்தும். அந்தக் கடையின் அனிமல் ஸ்டைல் ருசி வேண்டுமென்றால், திருப்புவதற்கு முன் பச்சைப் பக்கத்தில் மஞ்சள் மஸ்டர்ட் ஒரு ஸ்பூன் தடவு. சாஸுக்கு மயோனைஸ் 4 ஸ்பூன், கெட்சப் 2 ஸ்பூன், பொடியாக நறுக்கிய பிக்கிள் 1 ஸ்பூன், சொட்டு வினிகர், சிட்டிகை சர்க்கரை.

ஆக மொத்தம் பதினைந்து நிமிடம்.

இனி பிரைஸ். இதில் உன் பக்கம் நியாயம் இருக்கிறது. மெக்டொனால்ட்ஸ் பிரைஸ் உறைய வைத்து வருவது என்று உன் தோழர்கள் இளக்காரம் செய்கிறார்களே, உறைய வைப்பதுதான் அதன் பலம். ரசெட் பர்பாங்க் மாதிரி மாவுச்சத்து மிகுந்த, நீர் குறைந்த கிழங்கை வெட்டி, வெந்நீரில் வாட்டி, காயவைத்து, ஒருமுறை லேசாகப் பொரித்து உறைய வைக்கிறார்கள். ஐடஹோவின் சிம்ப்ளாட் நிறுவனம் 1960களில் அவர்களுக்காகப் பெரிய அளவில் செய்து கொடுத்த வேலை. உறையும்போது உண்டாகும் பனித் துகள்கள் கிழங்கின் செல் சுவரைக் கிழிக்கின்றன. கடையில் இரண்டாம் முறை எண்ணெயில் விழும்போது நீர் சுலபமாக வெளியேறி, மேலே கண்ணாடி மாதிரி மொறுமொறுப்பும் உள்ளே அவித்த கிழங்கின் மென்மையும் வருகிறது.

இன்-அண்ட்-அவுட் நேர்மாறு. கண்முன்னே பச்சைக் கிழங்கை வெட்டி நேராக எண்ணெயில் ஒரே தடவை. புதுசுதான், சந்தேகமில்லை. ஆனால் வாட்டலும் இல்லை, இரட்டைப் பொரியலும் இல்லை என்பதால் மேல்தோல் கெட்டிப்படுவதற்குள் உள் ஈரம் அதை நனைத்துவிடுகிறது. வெல்டன் என்று சொல்லி நன்றாக முறுகப் பொரிக்கச் சொன்னால் கொஞ்சம் தேறும். ஃபைவ் கைஸ் என்ற இன்னொரு பர்கர் கடை பச்சைக் கிழங்கைக் கடலை எண்ணெயில் இரண்டு தடவை பொரிக்கிறது. கிழங்கு மணம் அதில்தான் அதிகம், என் ஓட்டும் அதற்கே. அளவுதான் கொள்ளை: ரெகுலர் என்று கேட்டால் ஏறக்குறைய 950 கலோரி வந்து விழும், லிட்டில் என்று கேள். புதுசாக வெட்டியதே உசத்தி என்பவர்களுக்கு ஷேக் ஷாக் என்ற பர்கர் கடையின் கதையைச் சொல். 2013-ல் உறைந்த பிரைஸை விட்டுப் பச்சைக் கிழங்குக்கு மாறினார்கள். வாடிக்கையாளர்கள் பழையதே வேண்டுமென்று கேட்க, அடுத்த வருடமே வளைந்து வளைந்து வரும் அந்த உறைந்த பிரைஸுக்குத் திரும்பிவிட்டார்கள்.

உன் அறையில் சைவத் தோழர் ஒருவர் இருக்கிறார் என்று எழுதியிருந்தாயே, அவருக்கு இதைக் கட்டாயம் சொல்லிவிடு. மெக்டொனால்ட்ஸ் 1990 வரை மாட்டுக் கொழுப்பில்தான் பெரும்பாலும் பொரித்தது. தாவர எண்ணெய்க்கு மாறியபோது ருசி குறையாமலிருக்க மாட்டிறைச்சிச் சுவையூட்டி சேர்த்தார்கள், அதை வெளிப்படையாகச் சொல்லவில்லை. 2001-ல் அமெரிக்காவில் இருக்கும் இந்துக்களும் சைவ உணவுக்காரர்களும் வழக்குப் போட, 2002-ல் மன்னிப்புக் கேட்டு ஒரு கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டார்கள். அமெரிக்கப் பிரைஸின் சேர்மானப் பட்டியலில் அந்தச் சுவையூட்டி இன்னமும் இருக்கிறது. இந்தியாவில் விற்பதில் இல்லை. ஊரில் சாப்பிட்ட நினைப்பில் இங்கேயும் அவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கலாம்.

எந்தக் கடைப் பிரைஸாக இருந்தாலும் ஆயுள் ஐந்தாறு நிமிடம். பையை மூடியதும் அதன் ஆவியே அதைக் கொன்றுவிடும். டிரைவ்-த்ரூவில் வாங்கி வீட்டுக்கு வந்து பிரிக்கிறாயே, அது நீ சண்டை போட்டுக் காப்பாற்றிய பிரைஸே இல்லை. தட்டில் வந்த உடனே ஒன்றை எடுத்து ஒடித்துப் பார். சத்தம் கேட்க வேண்டும், உள்ளே மாவு மாவாக வெண்மையாக இருக்க வேண்டும். நடுவில் மடங்கித் தொங்கினால் விட்டுவிடலாம், கலோரி மிச்சம்.

வீட்டில் ஒருநாள் செய்துதான் பார்ப்பேன் என்றால்: ரசெட் கிழங்கு இரண்டு பவுண்டு, கால் அங்குலக் குச்சிகள். இரண்டு லிட்டர் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி வினிகரும் உப்பும் போட்டுப் பத்து நிமிடம் வேகவை. வினிகர் இருந்தால் உடையாது. நன்றாகத் துடைத்துக் காயவைத்து, 180 டிகிரியில் ஒரு நிமிடம் பொரித்து, ஆறவிட்டு, ஒரு ராத்திரி ஃபிரீசரில் வை. மறுநாள் 200 டிகிரியில் மூன்று நான்கு நிமிடம். ஒரே நேரத்தில் ஒரு கைப்பிடிக்கு மேல் போட்டால் எண்ணெய் சூடு இறங்கி, பொரியாமல் எண்ணெய் குடிக்கும். பச்சைக் கிழங்கை ஃபிரிட்ஜில் வைக்காதே, குளிரில் மாவுச்சத்து சர்க்கரையாகி, வேகுமுன்னே கருகிக் கசக்கும். இவ்வளவுக்கும் பிறகு ஒன்றரை லிட்டர் எண்ணெய் மிஞ்சி நிற்கும். வருடத்துக்கு ஒருமுறை போதும்.

நிறுத்துவது பற்றி இப்போது. வீட்டு பர்கரில் கலோரி குறைவு என்று ஏமாந்துவிடாதே. இரண்டு உருண்டை, சீஸ், பன், சாஸ் எல்லாம் சேர்ந்தால் 550, 600 வரும். மெக்டொனால்ட்ஸின் பிக் மேக் பர்கரும் ஏறக்குறைய அவ்வளவுதான். வித்தியாசம் கூட வருவதில் இருக்கிறது: ஒரு மீடியம் பிரைஸ், ஒரு மீடியம் கோக், மொத்தம் 1,100-ஐத் தொட்டுவிடும். கோக்கை இன்றைக்கே விடு, அதில் விவாதிக்க ஒன்றுமில்லை. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் 2019-ல் ஒரு சோதனை வெளியிட்டது. 20 பேருக்கு இரண்டு வாரம் ஆலையில் தயாரான உணவு, இரண்டு வாரம் சாதாரணச் சமையல். பரிமாறியதில் சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார் எல்லாம் ஒரே அளவு. ஆலை உணவு நாட்களில் தினம் 500 கலோரி கூடுதலாகத் தின்றார்கள், வேகமாகவும் தின்றார்கள். உன் மனவுறுதியில் குறை இல்லை தம்பி, அந்தச் சாப்பாட்டின் குணமே அப்படி.

அதனால் மன உறுதியை நம்பாமல் ஏற்பாட்டை நம்பு. போனில் இருக்கும் கடை ஆப்களை எடுத்துவிடு, சலுகைக் கூப்பன் வருகிற வழி அதுதான். நீ விழுகிற நேரம் சாயங்காலம் ஆறரை, வண்டியில், வெறும் வயிற்றோடு. ஆபீஸை விட்டுக் கிளம்புமுன் ஒரு கிண்ணம் சுண்டலோ, அவித்த முட்டை இரண்டோ உள்ளே போகட்டும். சனிக்கிழமை மூன்று பவுண்டு கறி வாங்கி 24 உருண்டை பிடித்து, நாலு நாலாகப் பைகளில் ஃபிரீசரில் போடு. காலையில் ஒரு பையை எடுத்து ஃபிரிட்ஜின் கீழ்த் தட்டில் வைத்துவிட்டுப் போனால் சாயங்காலம் இளகியிருக்கும். வாரத்துக்கு ஒரு பர்கர் ராத்திரி, ஒன்றே ஒன்று. பன்னையும் உறைய வைக்கலாம், கெடாது.

மாதம் ஒரு நாள் தோழர்களைக் கூட்டிக்கொண்டு போய் ஃபைவ் கைஸில் ஒரு லிட்டில் பிரைஸ் வாங்கி நடுவில் வைத்துக்கொண்டு சண்டையைத் தொடருங்கள். அங்கே அன்றைக்கு வந்த கிழங்கு எந்த ஊருடையது என்று பலகையில் எழுதியிருப்பார்கள். எந்த ஊர்க் கிழங்கு அன்று நன்றாக இருந்தது என்று அடுத்த மடலில் எழுது.

அன்புடன்,
அண்ணன்