மூட்டை கட்டும் முன்பு இதைப் படித்துவிடு

அரூர்

அன்புள்ள பாப்பா,

நீ அனுப்பிய லிஸ்டை நிதானமாகப் படித்தேன். மே மாதம் நீயும் உன் தோழியும் ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ பக்கத்து மல்கையில் தொடங்கி ஃபோர்ட் வில்லியம் வரை எட்டு நாளில் 154 கிலோமீட்டர் நடக்கப் போகிறீர்கள், ராத்திரி டென்ட்டில்தான் தங்கல் என்றதும் அப்பா, "பஸ் இல்லையாமா அந்த ஊருக்கு?" என்றார். எனக்குச் சந்தோஷம்தான். போய் வா. ஆனால் அந்த லிஸ்டில் எடையைக் குறைக்கக் கூடாத இடத்தில் குறைத்திருக்கிறாய், குறைக்க வேண்டிய இடத்தில் ஏற்றி வைத்திருக்கிறாய். உள்ளே புகுந்து படுக்க மெல்லிசான ஸ்லீப்பிங் பேக், 'சாப்பாடு வழியில் பார்த்துக்கொள்ளலாம்' என்று ஒரு வரி, ஆனால் ஜீன்ஸ் இரண்டு, பெரிய துண்டு, தடிமனான புத்தகம். மலையில் நடக்கிறவர்களுக்கு ராத்திரித் தூக்கமும் வயிற்றுச் சாப்பாடும் சரியாக இருந்தால் மற்ற குறைகளைச் சமாளித்துவிடலாம். அந்த இரண்டில் கஞ்சம் பிடிக்காதே. மீதி எல்லாவற்றிலும் பிடி.

முதலில் பை. சித்தேரி மலையில் நர்ஸாக இருந்தபோது தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஊர் ஊராக ஏறியிருக்கிறேன். பெட்டி அப்படியொன்றும் கனம் இல்லை. ஆனால் ஒரே தோளில் வார் அழுத்தினால் சாயங்காலம் கழுத்தைத் திருப்ப முடியாது. அதனால் சொல்கிறேன், சுமை தோளில் நிற்கக் கூடாது, இடுப்பில் இறங்க வேண்டும். நல்ல பையில் அகலமான இடுப்புப் பட்டை இருக்கும். அது இடுப்பெலும்பின் மேல் உட்கார்ந்து எடையில் பெரும்பங்கைத் தாங்க வேண்டும். தோள் வார் பையை முதுகோடு சேர்த்துப் பிடிக்கத்தான். எத்தனை லிட்டர் பை என்று பார்ப்பதற்கு முன்னால் உன் முதுகின் நீளத்தை அளக்கச் சொல். தலையைக் குனிந்தால் கழுத்தடியில் ஒரு எலும்பு முட்டிக்கொண்டு தெரியும், அங்கிருந்து இடுப்பெலும்பின் மேல்விளிம்பு மட்டம் வரை. ஆள் உயரமாக இருந்தும் முதுகு குட்டையாக இருக்கலாம், உனக்கு அப்படித்தான். காலிப் பையை மாட்டிக் கண்ணாடி பார்ப்பதில் பிரயோஜனம் இல்லை. உள்ளே எடை போடச் சொல்லி, கடைக்குள்ளேயே கொஞ்ச நேரம் நடந்து பார். மொத்தச் சுமை உன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குள் இருக்கட்டும். நீ 52 கிலோ என்றால் பத்து கிலோ, தண்ணீரையும் சேர்த்து. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ என்பதை மறந்துவிடாதே.

ஸ்லீப்பிங் பேக்கைப் பற்றி நீ எழுதியதைப் படித்ததும் எனக்குக் கவலை வந்தது. அதன் சீட்டில் எந்தக் குளிர்வரை தாங்கும் என்று இரண்டு அளவு போட்டிருப்பார்கள், கம்ஃபர்ட் என்று ஒன்று, லிமிட் என்று ஒன்று. லிமிட் என்பது ஒரு ஆண் உடம்பை வைத்து, சுருண்டு படுத்துத் தாக்குப்பிடிக்கக்கூடிய குளிர். பெண் உடம்பை வைத்துக் கணக்கிட்டது கம்ஃபர்ட். கடைக்காரர் சின்ன எண்ணைக் காட்டித்தான் விற்பார், நீ கம்ஃபர்ட்டை மட்டும் பார். மே மாதத்திலும் அங்கே ராத்திரி நன்றாகக் குளிரும். கம்ஃபர்ட் பூஜ்ஜியம் டிகிரி என்று இருப்பதை வாங்கு. அதைவிட முக்கியம் கீழே விரிக்கும் மெத்தை. ஸ்லீப்பிங் பேக் தானாகச் சூடு தராது. தடுப்பூசிப் பெட்டி ஐஸின் குளிர்ச்சியை வெளியே விடாமல் வைத்திருப்பதுபோல, உன் உடம்புச் சூட்டை வெளியே விடாமல் பிடித்து வைப்பதுதான் அதன் வேலை. உன் எடையில் அடிப்பக்கம் நசுங்கிப்போவதால் தரை சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். மெத்தையில் ஆர் மதிப்பு என்று, தரைக்குச் சூடு போகாமல் எவ்வளவு தடுக்கும் என்பதைச் சொல்லும் ஒரு எண் இருக்கும், மூன்றும் அதற்கு மேலும் என்றால் உனக்குப் போதும். வாத்து இறகு அடைத்த பை எடை குறைவு, சின்னதாகச் சுருங்கும், ஆனால் நனைந்தால் சூடு பிடிக்காது. ஸ்காட்லாந்து மழைக்கு அதை வாங்குவதானால் தண்ணீர் புகாத உறைக்குள் போட்டே வை. என்ன ஆனாலும் ஸ்லீப்பிங் பேக்கும் ராத்திரி உடுத்தும் ஒரு செட் துணியும் நனையக் கூடாது.

துணி விஷயத்தில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பருத்தி வேண்டாம். நம் ஊர் வெயிலுக்குப் பருத்திதான் சுகம். அங்கே வியர்வையிலும் தூறலிலும் நனைந்தால் காயாமல் உடம்போடு ஒட்டிக்கொண்டு சூட்டை இழுக்கும், ஜீன்ஸ் இன்னும் மோசம். உள்ளே மெல்லிய கம்பளி அல்லது பாலியஸ்டர், நடுவில் ஃப்ளீஸ் என்கிற மெத்தென்ற செயற்கைத் துணிச் சட்டை, மேலே மழைக்கோட்டு. நடக்கும்போது இலேசாகக் குளிர்கிற அளவுக்கே போட்டுக்கொள், நின்றதும் ஒன்றை ஏற்றிக்கொள்.

நர்ஸாக ஒன்று சொல்ல வேண்டும். ஈரமும் காற்றும் சேர்ந்தால் பனி பெய்யாமலேயே உடம்பு குளிர்ந்துபோகும். உடம்பு வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்கினால் ஆபத்து. நடுக்கம் எடுக்கும், பேச்சு குழறும், கால் தடுமாறும், ஜிப்பைக்கூடப் போட வராது. பாதிக்கப்பட்டவளுக்குத் தெரியாது, பக்கத்தில் இருப்பவள்தான் கவனிக்க வேண்டும். அப்போது 'இன்னும் கொஞ்ச தூரம்தானே' என்று நடக்காதீர்கள். டென்ட்டைப் போட்டு, ஈரத்தைக் கழற்றி, உலர்ந்ததை உடுத்தி, இனிப்பாகச் சூடாகக் குடிக்கக் கொடுங்கள். நடுங்குவது நின்று மயக்கம்போல ஆனால் உடனே உதவிக்கு அழையுங்கள். ரான்னக் மூர் என்ற வெட்டவெளியைக் கடக்கும் நாளுக்காகத்தான் இதை எழுதுகிறேன், அங்கே ஒதுங்க இடமே இல்லை என்று படித்தேன். வானிலை பார்த்து அந்த நாளை வைத்துக்கொள்.

செருப்பு, ஷூ எல்லாம் சாயங்காலம் வாங்கு, நடந்து நடந்து பாதம் வீங்கியிருக்கும் நேரம் அது. விரல் நுனிக்கு முன்னால் கொஞ்சம் இடம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இறக்கத்தில் நகம் கறுத்துவிடும். புது ஷூவைப் போட்டுக்கொண்டு பயணம் கிளம்பாதே. காலில் ஒரு இடம் சூடாக உறுத்தினால் அப்போதே உட்கார்ந்து டேப் ஒட்டு. கொப்புளம் வந்த பிறகு ஒட்டுவது வேறு வைத்தியம்.

டென்ட் இரண்டு பேருக்கு இரண்டு கிலோவுக்குள் கிடைத்தால் நல்லது. ஆளுக்குப் பாதியாகப் பிரித்துத் தூக்குங்கள். உள்ளே வலை, வெளியே மழைத்துணி என்று இரட்டைச் சுவர் இருப்பதாகப் பார். மூச்சுக்காற்று வெளித்துணியில் நீராகப் படிந்தாலும் உங்கள் மேல் விழாது. காற்றுப் போகும் வழிகளைக் குளிருக்குப் பயந்து அடைக்காதே. அங்கே மிட்ஜ் என்று கண்ணுக்குச் சட்டென்று தெரியாத குட்டிக் கடிப்பூச்சி இருக்கிறதாம், மே கடைசியில் தொடங்கிச் செப்டம்பர் வரை. விடியலிலும் அந்தியிலும் காற்றில்லாத இடத்தில் மொய்க்கும். அதனால் கொஞ்சம் காற்றோட்டமான மேட்டில் டென்ட் போடு, தலைக்கு வலை ஒன்று வாங்கிக்கொள். உண்ணியையும் பார்த்துக்கொள். ராத்திரி முழங்கால் மடிப்பு, அக்குள், இடுப்பு எல்லாம் தடவிப் பார். ஒட்டியிருந்தால் எண்ணெய் விடாதே, நெருப்பால் சுடாதே. தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக மெதுவாக இழு. பிறகு சில வாரத்துக்குள் வட்டமாகச் சிவந்து பரவினால் டாக்டரிடம் போ, உண்ணி கடித்து வரும் லைம் நோய்க்கு மாத்திரை உண்டு.

ஸ்காட்லாந்தில் 2003-ல் வந்த சட்டப்படி திறந்த வெளியில் ஒழுங்காக டென்ட் போட உரிமை உண்டு என்றாய். சரி. ஆனால் லாக் லோமண்ட் ஏரியின் கிழக்குக் கரையில் சில இடங்களில் மார்ச் முதல் செப்டம்பர் வரை பர்மிட் வேண்டும், அதை முன்கூட்டியே எடுத்துவிடு. நெருப்பு மூட்டவே மூட்டாதீர்கள். 2018 மார்ச்சில் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேறப் போன பிள்ளைகள் செத்த செய்தி வந்த அன்று நம் வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. அதற்குப் பிறகுதான் இங்கே மலையேற்றத்துக்கு விதிமுறை கடுமையானது. 2024-ல் வனத்துறையே வழிகாட்டியோடு 40 பாதைகளைத் திறந்தது. நீ ஊருக்கு வரும்போது அதில் ஒன்றில் என்னையும் கூட்டிப் போ.

சமையலுக்கு மேலே திருகி மாட்டும் சின்ன கேஸ் ஸ்டவ் போதும். 230 கிராம் டப்பா ஒன்றை அங்கே கடையில் வாங்கு. விமானத்தில் அதை எந்தப் பெட்டியிலும் வைக்க விடமாட்டார்கள் என்பதால் மிச்சத்தை ஊருக்குக் கொண்டுவர நினைக்காதே. எவ்வளவு மழை பெய்தாலும் டென்ட்டுக்குள் ஸ்டவ்வைப் பற்றவைக்காதே. ஊட்டி, கொடைக்கானல் பக்கம் குளிருக்காகக் கரி அடுப்பை உள்ளே வைத்துத் தூங்கி உயிர் போனவர்களைப் பற்றிப் படித்திருப்பாய். அடுப்பிலிருந்து வரும் அந்த விஷக்காற்றுக்கு (கார்பன் மோனாக்சைடு) வாசனையும் கிடையாது.

இனி சாப்பாடு. எட்டு நாளுக்கும் மொத்தமாகத் தூக்க வேண்டியதில்லை. பாதிவழி தாண்டி டின்ட்ரம், கடைசிக் கட்டத்துக்கு முன் கின்லாக்லெவன் என்று கடை இருக்கும் ஊர்கள் வருகின்றன. மூன்று நாள் சாப்பாடு முதுகில் இருந்தால் போதும், மீதியை வழியில் சேர்த்துக்கொள்ளலாம். உலர்ந்த எடையில் ஒரு நாளைக்கு 600, 700 கிராம் என்று கணக்கு வை. மாவுப் பண்டம் கிராமுக்கு நாலு கலோரி, கொழுப்பு ஒன்பது. ஆகவே அதே எடையில் அதிகத் தெம்பு வேண்டுமென்றால் வேர்க்கடலையும் எள்ளும் எண்ணெயும்தான். டயட் எல்லாம் திரும்பி வந்து பார்த்துக்கொள்.

காலைக்கு ராகி. முளைகட்டி, நிழலில் உலர்த்தி, வாசனை வரும்வரை வறுத்து அரைத்து அனுப்புகிறேன். பொட்டுக்கடலையும் ஏலக்காயும் சேர்த்து அரைத்திருப்பேன், பாலக்கோட்டு வெல்லத்தைத் தூளாக்கித் தனியாக வைப்பேன். முதலில் பச்சைத் தண்ணீரில் கரைத்துவிட்டு, அப்புறம் கொதிக்கும் தண்ணீரில் ஊற்றி இரண்டு மூன்று நிமிஷம் கிளறு. நேராகச் சுடுதண்ணீரில் கொட்டினால் கட்டிதட்டும். ஆயா களி கிண்டும்போது பார்த்திருப்பாயே, அந்தப் பொறுமையெல்லாம் இதற்குத் தேவையில்லை.

மத்தியானத்துக்கு அடுப்பே மூட்டாதே. மெல்லிய அவலைப் பச்சைத் தண்ணீரில் நனைத்தால் சில நிமிஷத்தில் மெத்தென்று ஆகிவிடும். அதில் புளிக்காய்ச்சல் இரண்டு ஸ்பூன், கைப்பிடி வறுத்த கடலை. நம் தருமபுரிப் புளியை நல்லெண்ணெயில் எண்ணெய் பிரியும்வரை சுண்டக் காய்ச்சினால் கெடாது. அதற்காகத்தான் கண்ணாடிப் பாட்டில் இல்லாமல் சின்னச் சின்னப் பாக்கெட்டாக ஒட்டப் போகிறேன். மழையில் ஒதுங்கி நின்றபடியே சாப்பிட்டுவிடலாம்.

ராத்திரிக்கு ரவை. நன்றாக வறுத்து, கடுகு, உளுந்து, கடலைப்பருப்பு, மிளகாய், மொறுமொறு என்று பொரித்த கறிவேப்பிலை, சுக்குத்தூள், உப்பு எல்லாம் சேர்த்து ஒரு ஆளுக்கு 100 கிராம் என்று கட்டி அனுப்புகிறேன். இரண்டரைப் பங்கு தண்ணீர் கொதித்ததும் ரவையைக் கொட்டிக் கிளறி, உடனே ஸ்டவ்வை அணைத்து, பாத்திரத்தை ஃப்ளீஸில் சுற்றி எட்டு நிமிஷம் வை. தானாக வெந்துவிடும், கேஸும் மிச்சம். கஸ்கஸ் என்று கோதுமை ரவை மாதிரி ஒன்று அங்கே விற்கிறதே, நீ போனில் காட்டினாய், அதுவும் இதே கதைதான். அதற்குப் பருப்புப்பொடியும் எண்ணெயும் போட்டுப் பிசைந்து சாப்பிடு. அரிசி, துவரம்பருப்பு என்று எடுத்துப் போகாதே, வேகும் முன் கேஸ் தீர்ந்துவிடும்.

நடக்கும்போது பசி எடுக்கும்வரை காத்திருக்காதே. ஒரு மணி நேரத்துக்கு ஒரு கடலை உருண்டையோ எள்ளுருண்டையோ வாயில் போடு. ஓஆர்எஸ் பொட்டலம் நாலு வை. ஓடைத் தண்ணீர் எவ்வளவு தெளிவாகத் தெரிந்தாலும் மேலே ஆடு மேயும், வடிகட்டியோ கொதிக்கவைத்தோ குடி.

நெய்யும் பால்பவுடரும் இங்கிருந்து அனுப்ப முடியாது, பால் பொருளை அந்த நாட்டுக்குள் விடமாட்டார்கள். அங்கேயே வாங்கிக்கொள்.

கிளம்பும் முன் ஒரு சனிக்கிழமை மூட்டையை முழுசாகக் கட்டித் தூக்கிக்கொண்டு பக்கத்துக் குன்றில் ஏறி, ஒரு ராத்திரி தங்கிப் பாருங்கள். எதைத் தொடவே இல்லையோ அதை வீட்டில் வைத்துவிடு. மழைக்கோட்டும் மருந்துப் பையும் மட்டும் இந்தக் கணக்கில் வராது.

மாவு அரைக்க வரும் திங்கட்கிழமை போகிறேன். பார்சல் எந்த விலாசத்துக்கு என்று எழுது, உன் தோழிக்குக் காரம் எவ்வளவு ஆகும், வேர்க்கடலை ஒத்துக்கொள்ளுமா என்றும் கேட்டுச் சொல். ஒத்துக்கொள்ளாது என்றால் அவளுக்கு எள்ளை மட்டும் வைத்துத் தனியாகச் செய்கிறேன், வாணலியையும் வேறு எடுக்க வேண்டும்.

அன்புடன்,
அம்மா