மனு ரசீது இல்லாமல் திரும்பாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

முக்கூடலில் பீடி சுற்றும் என் மதினியின் ஆதார் நகலை வைத்து யாரோ சிம் கார்டு வாங்கியிருக்கிறார்கள். வாங்காத கடனுக்குத் தவணை கேட்டு ஆள் பேசிய பிறகுதான் விஷயமே தெரிந்தது. ஜெராக்ஸ் கடையில் சரியாக விழாத நகலை அப்படியே போட்டுவிட்டு வருகிறவர்கள்தானே நம்மில் பாதிப்பேர்!

புகார் கொடுக்கப் போனால், ‘மாநகர எல்லைக்குப் போங்க’, ‘இல்லம்மா, அது மாவட்டம்’ என்று அலைக்கழிப்பு. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பி.என்.எஸ்.எஸ். என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆவது பிரிவுப்படி, இத்தகைய குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். பதிய மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம். இதை நிலைய வாசலில் எழுதி ஒட்ட என்ன பெரிய செலவு?

எஃப்.ஐ.ஆர். உடனே பதியாவிட்டாலும், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான மனு ரசீதையாவது (சி.எஸ்.ஆர்.) கேட்டு வாங்க வேண்டும். மதினியிடம் வங்கியில் முதலில் கேட்டதே அதைத்தான். பணம் பறிபோயிருந்தால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். நம் பேரில் ஓடும் சிம்களை மத்திய தொலைத்தொடர்புத் துறையின் ‘சஞ்சார் சாத்தி’ இணையதளத்தில் பார்த்து, நம்முடையது அல்லாததைத் துண்டிக்கச் சொல்லலாம்.

நெல்லை மாநகரக் காவல் ஆணையரும் மாவட்ட எஸ்.பி.யும் இந்த எல்லைத் தகராறுக்கு ஒரு முடிவு கட்ட வேண்டும்.

- வாசகர், பாளையங்கோட்டை